கடைசி வரிசை பார்க்கிங் - 7: காருக்கு வந்த தேமல்

தீசிஸ் ஆணி கொஞ்சம் அதிகம், அதான் ரெண்டு வாரமா கடையைத் திறக்கல. போன தடவை பேட்டரி பாத்தோம், இந்த வாரம் பெயிண்ட். புதுசா வந்த ஜூனியர் பசங்க ஆளுக்கொரு பழைய கார் பாத்துட்டு இருக்காங்க, அவங்களுக்கும் உதவும்.

டெக்சாஸ் வெயில்ல பல வருஷம் நின்ன கார்கள்ல நிறைய வண்டிக்கு கூரையும் ஹூடும் வெளிறி, ஓரத்துல தோல் உரிஞ்சிருக்கும். என் 2009 மாடலும் அந்த ரகம்தான். வீடியோ கால்ல காட்டினப்ப அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏண்டா, காருக்குத் தேமலா?" பாக்க அச்சு அசல் அப்படியேதான் இருக்கு :-)

விஷயம் இதுதான். தகரத்துமேல முதல்ல துருப்பிடிக்காம இருக்க ஒரு பூச்சு, அதுமேல பிரைமர், அப்புறம் கலர், கடைசியா நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு, பாதுகாப்பு ரெண்டும் அந்தக் கடைசிப் பூச்சோட வேலை. அதோட தடிமன் சுமாரா 40, 50 மைக்ரான்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்க அதுல கலந்திருக்கிற சமாச்சாரம் வருஷக்கணக்கா வெயில் பட்டுப் பட்டுத் தீந்துபோகும். அப்புறம் பூச்சு வெடிக்கும், தண்ணி உள்ள இறங்கும், கலரை விட்டுக் கழண்டு வரும். வெயில் நேரா விழற கூரை, ஹூட், டிக்கி மூடிதான் முதல் பலி.

எல்லாப் பழியையும் வெயில்மேல போடவும் முடியாது. 1980, 90கள்ல வந்த ஃபோர்டு வண்டிகள் பெயிண்ட் உரியுதுன்னு அமெரிக்காவுல பெரிய வழக்கே நடந்துச்சு. நடுவுல போடவேண்டிய பிரைமரை விட்டுட்டாங்க, அதனால வெயில் அடிப்பூச்சு வரைக்கும் போய்ப் பிடிப்பைக் கெடுத்துடுச்சுங்கறதுதான் அதுல குற்றச்சாட்டு.

இதுல ரெண்டு வியாதி இருக்கு, குழப்பிக்காதீங்க. வெறுமனே மங்கிப் போயிருந்தா பாலிஷ் போட்டு ஓரளவு மீட்கலாம். நகத்தால தடவினா ஓரம் தட்டுது, வெள்ளையா செதில் வருதுன்னா அது உரிதல். அதுக்கு எந்தப் பாலிஷும் வேலைக்காகாது. இல்லாத பூச்சை எதைத் தேய்ச்சு வரவைக்கறது?

வண்டி வாங்கப் போறவங்க ஒண்ணு கவனிங்க. ஈரமா இருந்தாலோ, புதுசா வேக்ஸ் போட்டிருந்தாலோ மங்கல் தெரியாது. ராத்திரி தெருவிளக்குல பாத்தா எல்லா வண்டியும் அழகுதான். பட்டப்பகல்ல, காஞ்ச வண்டியா பாருங்க. மறக்காம கூரையை எட்டிப் பாருங்க.

சரி, வைத்தியம்? ஒழுங்கா செய்யணும்னா உரிஞ்சதைத் தேய்ச்சு எடுத்து, கலர் அடிச்சு, மேல புதுசா கிளியர் கோட் அடிக்கணும். கூரைக்கும் ஹூடுக்கும் மட்டும் ஒரு கடையில 1,400 டாலர் சொன்னாங்க. வண்டியை வாங்கினதே 2,800 டாலருக்கு. அவ்வ்வ்!

"நாமளே ஸ்பிரே அடிச்சிடலாம் மச்சி"ன்னு ரூம்மேட் கிளம்பினான். அவனுக்குச் சின்ன வயசுலருந்து வீசிங். அவன் பாத்து வெச்சிருந்தது ஹார்டனர் கலக்கற 2கே கிளியர் கோட். அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. அது ஆஸ்துமாவையே வரவைக்கும், ஒருதடவை உடம்புக்கு ஒத்துக்காம போயிட்டா அப்புறம் துளி பட்டாலும் மூச்சு முட்டும். துணி மாஸ்க் தடுக்காது. தொழில்முறையா அடிக்கறவங்க வெளிக்காத்து வர்ற முகமூடி போட்டுக்கிட்டு, தனி அறையில அடிக்கறாங்க. அபார்ட்மெண்ட் கார் ஷெட்டுல வேண்டவே வேண்டாம்னு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வெச்சேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. பரவால்ல, மூச்சு விட்டுட்டு இருக்கான்ல!

நான் எடுத்த முடிவு: தேமல் இருந்துட்டுப் போகட்டும். கிளியர் கோட் போனதும் தகரம் துருப்பிடிச்சிடாது, கீழ இன்னும் மூணு பூச்சு இருக்கு. தகரம் தெரியற இடத்தை மட்டும் தேய்ச்சு, துருத்தடுப்பு பிரைமர் வெச்சு, டச்சப் பெயிண்ட் பூசினேன். கலர் கோட் நிறைய வண்டியில டிரைவர் கதவு நிலைப்பக்க ஸ்டிக்கர்ல இருக்கும். பனிக்கு ரோட்டுல உப்புக் கொட்டற ஊர்க்காரங்க இதைக் குளிர்காலத்துக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

மிச்சக் காசு முன் டயர் ரெண்டுக்கும் பிரேக் பேடுக்கும் போச்சு. காரணம் இருக்கு. டெக்சாஸ்ல 2025 ஜனவரி 1லருந்து நம்ம மாதிரி சொந்த வண்டிக்கு வருஷாந்திரப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துட்டாங்க. சில கவுண்டிகள்ல புகைச் சோதனை மட்டும்தான் பாக்கி. உரிஞ்ச பெயிண்ட்டை ஊரே பாக்கும், தேஞ்ச டயரைக் குனிஞ்சு பாக்க நம்மளை விட்டா ஆளில்லை. 1 சென்ட் காசைத் தலைகீழா டயர் பள்ளத்துல விடுங்க. லிங்கன் தலை முழுசா வெளிய தெரிஞ்சா டயர் காலி.

உங்க வண்டி உரிஞ்ச கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க. அடுத்த வாரம் இன்சூரன்ஸ் புராணம். வர்ட்டா!