தாஜ்மகால் வேண்டாம், தெருக்கோடிப் பள்ளிக்கூடம் போதும்!

"உனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசு."

இவ்வளவுதான் கேள்வி.

"இது என்ன பெரிய கேள்வி? சின்னக் குழந்தைகூடச் சொல்லுமே!" என்று தோன்றும்.

தமிழில் கேட்டால் சொல்லும். ஆங்கிலத்தில் கேட்டால்?

பரீட்சகர் காத்துக்கொண்டு இருக்கிறார். பேச்சு முழுவதும் பதிவாகிறது. கடிகாரம் ஓடுகிறது. அந்த நேரத்தில் பட்டம் பெற்றவருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது!

ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையில் வரும் கேள்வி இது. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களும், வேலைக்குப் போகிறவர்களும், குடியேறப் போகிறவர்களும் எழுதும் பரீட்சை. 1989-ம் ஆண்டு முதல் இந்தப் பெயரில் நடந்து வருகிறது.

கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று இதில் 4 பகுதிகள் உண்டு. மதிப்பெண் 9 வரை. இந்தப் பரீட்சை எழுதி பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ள விரும்பும் பெண், பேச்சில் 7 வாங்கியாக வேண்டும்.

நம் நாட்டில் ஒரு தடவை எழுதுவதற்குக் கட்டணம் 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! தவறினால், திரும்பவும் பணம் கட்ட வேண்டும். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போன பிறகு, மகள் பரீட்சைக்குப் போகும் வீடுகளும் உண்டு.

ஆகவே இது விளையாட்டுக் காரியம் அல்ல. குடும்பத்தின் காரியம். வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய காரியம்.

*ஷாஜகானுக்கு மார்க் இல்லை!*

இந்தக் கேள்விக்குப் பல பிள்ளைகள் எப்படித் தயார் செய்கிறார்கள், தெரியுமா?

ஒரு நோட்டுப் புத்தகம். அதில் தாஜ்மகாலைப் பற்றி ஒரு பக்கம். ஷாஜகான் கட்டினார், மும்தாஜின் நினைவாகக் கட்டினார், 1632-ல் வேலை தொடங்கியது, வெள்ளைச் சலவைக்கல், யமுனைக் கரை. இதை அப்படியே உருப்போட்டுக்கொண்டு போகிறார்கள்.

சொன்னது எல்லாம் உண்மைதான். ஒன்றும் தப்பு இல்லை.

ஆனால், அந்தப் பிள்ளை ஆக்ராவுக்குப் போனது இல்லை. தாஜ்மகாலைப் படத்தில் பார்த்ததோடு சரி. உருப்போட்டது அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு?

"அங்கே போனபோது உங்களுக்கு என்ன தோன்றியது?" என்று பரீட்சகர் கேட்கிறார். பிள்ளை விழிக்கிறது!

பரீட்சகர்கள் பழக்கப்பட்டவர்கள். மனப்பாடம் செய்த பேச்சு எது, மனசில் இருந்து வரும் பேச்சு எது என்று கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்றவர்கள். ஒப்பிக்கும்போது பேச்சு ரயில் வண்டி மாதிரி ஓடும்; அடுத்த கேள்வியில் கட்டை வண்டி மாதிரி நிற்கும். இது அவர்களுக்குத் தெரியாதா?

இன்னொரு விஷயம். இது சரித்திரப் பரீட்சை அல்ல. மதிப்பெண் போடுவது 4 விஷயங்களுக்கு: தடையில்லாமல், கோவையாகப் பேசுகிறாரா? பலவகைச் சொற்களைப் பொருத்தமாகச் சொல்கிறாரா? இலக்கணம் சரியாக இருக்கிறதா? உச்சரிப்பு மற்றவர்களுக்குப் புரிகிறதா? நான்குக்கும் சம மதிப்பு.

ஷாஜகானுக்கு மார்க் இல்லை. யமுனைக்கும் மார்க் இல்லை!

*வெட்கம் ஏன்?*

"அப்படியானால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லலாமா?" என்று ஒரு பெண் கேட்பாள். கேட்கும்போதே குரல் இறங்கும்.

ஏன் இறங்குகிறது? வெட்கம்! "ஓட்டுக் கூரை போட்ட பள்ளிக்கூடத்தை ஆங்கிலத்தில் சொன்னால் பரீட்சகர் நம்மை மட்டமாக நினைப்பாரே" என்ற பயம்.

இந்த வெட்கம்தான் உண்மையான எதிரி. ஆங்கிலம்கூட இரண்டாவது எதிரிதான்.

வெளிநாட்டுக் கட்டடம் என்றால் பேசத் தக்கது. நம் தெருவில் இருப்பது பேசத் தகாதது என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால், நாம் நம் ஊர்க் கட்டடங்களைப் பற்றி வீட்டில் பேசுவதே இல்லை. பேசாததைப் பிள்ளைகள் மதிப்பில்லாதது என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

தஞ்சாவூரில் பிறந்தவருக்குப் பெரிய கோவில் இருக்கிறது. ராஜராஜ சோழன் கட்டியது. 1010-ல் நிறைவு பெற்றது. மதுரைக்காரருக்குத் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. அந்தத் தூண்களை இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப் பிடிக்க முடியுமா?

சென்னைக்காரருக்குச் சென்ட்ரல் ரயில் நிலையம் இருக்கிறது. 1873-ல் எழுந்த செங்கல் நிறக் கட்டடம். அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் இருக்கிறது. 1959-ல் திறந்தார்கள், 177 அடி உயரம். அந்தக் காலத்தில் வெளியூரில் இருந்து வருகிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த கட்டடம்!

இவற்றில் எதையும் சொல்லலாம். ஒரு நிபந்தனை: நீங்கள் போய்ப் பார்த்து இருக்க வேண்டும். தாஜ்மகாலையும் நேரில் பார்த்தவர் தாராளமாகச் சொல்லலாம்.

ஒன்றையுமே பார்க்காதவர் என்ன செய்வது? வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தால் போதும். ரேஷன் கடை, நூலகம், அரசாங்க ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், நெல் கிடங்கு, தாத்தா கட்டிய வீடு — எல்லாம் கட்டடம்தான்.

*ஒரு நிமிடம், நான்கு வார்த்தை*

பேச்சுப் பரீட்சை மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அதில் 3 கட்டங்கள். முதலில் ஊர், வேலை, படிப்பு போன்ற சாதாரணக் கேள்விகள். இரண்டாவது கட்டத்தில்தான் கட்டடம் போன்ற ஒரு தலைப்பு, அட்டையில் எழுதி வரும்.

யோசிக்க 1 நிமிடம். குறிப்பு எழுதத் தாளும் பென்சிலும் தருவார்கள். பிறகு 1 முதல் 2 நிமிடம் வரை நீங்களே பேச வேண்டும். பரீட்சகர் குறுக்கே பேச மாட்டார்.

அந்த 1 நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள். நேரம் போய்விடும். நான்கு வார்த்தை எழுதுங்கள்: எங்கே? எப்படி? எதற்கு? ஏன்?

அந்தப் பெண்ணின் ஓட்டுப் பள்ளிக்கூடத்தையே எடுத்துக்கொள்வோம்.

எங்கே இருக்கிறது? பஸ் நிற்கும் இடத்தில் இருந்து 5 நிமிட நடை, வேப்ப மரத்தடி.

எப்படி இருக்கும்? நீளமான ஒரே அறை, சிவப்பு ஓடு, சுண்ணாம்பு அடித்த சுவர், நடுவில் தட்டி வைத்து இரண்டு வகுப்பு.

எதற்குப் பயன்படுகிறது? பகலில் பாடம், தேர்தல் வந்தால் வாக்குச் சாவடி, வெள்ளம் வந்தால் ஊருக்கே அடைக்கலம்.

ஏன் பிடிக்கும்? மழை பெய்தால் ஓட்டின் மேல் எழும் சத்தத்தில் டீச்சர் சொல்வது காதில் விழாது. பாடம் நின்றுவிடும். பிள்ளைகள் மழையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்!

இதைப் பேசினால் 2 நிமிடம் போதாது. வாக்கியம் சின்னதாக இருந்தாலும் உயிர் இருக்கும். திருப்பிக் கேள்வி கேட்டாலும் பதில் வரும். ஏனென்றால் இது அவள் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது.

*வீட்டுச் சொற்களில் கவனம்!*

கட்டடத்தைப் பற்றிப் பேசும்போது சில சொற்கள் காலை வாரும். தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

"பங்களா" என்றால் நமக்குப் பணக்காரர் வீடு. ஆங்கிலேயருக்கோ "பங்களோ" என்றால் பெரும்பாலும் மாடி இல்லாத வீடு. இத்தனைக்கும் அந்தச் சொல் நம் நாட்டில் இருந்து போனது! வங்காளத்து வீடு என்ற பொருளில் பிறந்தது அது. நம் தமிழ்ப் "பந்தல்" கூட ஆங்கில அகராதியில் ஏறி இருக்கிறது.

"ஹால்" என்றால் நமக்கு எல்லோரும் உட்காரும் கூடம். பிரிட்டனில் வீட்டு "ஹால்" என்பது வாசலை ஒட்டிய நடை. நம் கூடத்துக்கு அவர்கள் சொல்வது "லிவிங் ரூம்".

நாம் "முதல் மாடி" என்பது தரைக்கு மேலே உள்ள தளம். பிரிட்டனிலும் அப்படியே. அமெரிக்காவிலோ தரைத் தளமே "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்". இரண்டில் ஒன்றைச் சொல்லலாம். கலந்து சொன்னால் குழப்பம்.

"பில்டட்" என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. "கட்டப்பட்டது" என்பதற்கு "வாஸ் பில்ட்" என்றே சொல்ல வேண்டும். "மூன்று அறைகள் இருக்கின்றன" என்பதற்கு "இட் இஸ் ஹேவிங்" வேண்டாம். "இட் ஹேஸ்" போதும்.

திண்ணைக்கும் முற்றத்துக்கும் ஆங்கிலச் சொல் தெரியவில்லையா? கவலை வேண்டாம். "எங்கள் வீட்டில் திண்ணை உண்டு. அது வாசலில் உயரமாகக் கட்டிய மேடை. வழிப்போக்கர்கூட உட்காரலாம்" என்று ஆங்கிலத்தில் விளக்குங்கள். தெரியாத சொல்லைச் சுற்றி வளைத்துப் புரிய வைப்பதும் ஒரு திறமைதான். அதையும் பரீட்சகர் கவனிக்கிறார்.

*இடிக்கலாமா? காக்கலாமா?*

மூன்றாவது கட்டம் வாதம். "பழைய கட்டடங்களைக் காப்பாற்ற வேண்டுமா? உயரமான வீடுகளில் குடி இருப்பது நல்லதா?" என்ற மாதிரிக் கேள்விகள் வரும்.

இதற்குச் சரியான பதில், தப்பான பதில் என்று கிடையாது. இடிக்க வேண்டும் என்றும் சொல்லலாம். காக்க வேண்டும் என்றும் சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டும்!

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தது. சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம் வாங்க அங்கேதான் ஓடுவார்கள். 1985-ல் தீயில் போயிற்று. அந்த இடத்தில் இப்போது ரயில்வேக் கட்டடம் நிற்கிறது. "புத்தகக் கடை போனது நஷ்டம்" என்பார் ஒருவர். "தினமும் ரயில் ஏறும் ஜனங்களுக்கு இடம் கிடைத்தது லாபம்" என்பார் இன்னொருவர். இரண்டும் பேச்சுத்தான். இரண்டுக்கும் மார்க் உண்டு.

ஆனால், வீட்டில் ஒரு நாளும் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கப்படாத பெண், பரீட்சை மண்டபத்தில் திடீரென்று எப்படி அபிப்பிராயம் சொல்வாள்?

*பெற்றோருக்கு ஒரு வார்த்தை*

இங்கேதான் பெற்றோரின் வேலை வருகிறது. "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே!" என்று ஒதுங்க வேண்டாம். தெரிய வேண்டியது இல்லை.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 10 நிமிடம் ஒதுக்குங்கள். இன்று பார்த்த ஒரு கட்டடத்தைப் பற்றிப் பிள்ளை தமிழில் சொல்லட்டும். நீங்கள் கேள்வி கேளுங்கள்: "எத்தனை ஜன்னல்? காற்று வருமா? யார் கட்டினார்கள்? உனக்கு ஏன் பிடித்தது?" பாட்டிக்குத் தெரிந்த பழைய கதை இருந்தால் பாட்டியும் சொல்லட்டும்.

பிறகு அதையே பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். தப்பு வந்தால் வரட்டும். சிரிக்காதீர்கள்! ஒரு தடவை சிரித்தால் பிள்ளை ஒரு மாதம் வாய் திறக்காது.

தமிழில் 2 நிமிடம் கோவையாகப் பேச வராதவனுக்கு ஆங்கிலத்தில் மட்டும் எப்படி வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எழுதி வைத்த பதிலை விற்காதீர்கள். பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப் போங்கள். ஒரு கட்டடத்தின் முன்னால் நிறுத்தி, "பார்த்ததைச் சொல்" என்று கேளுங்கள். அதற்குக் கொடுத்த பணம் வீண் போகாது.

மதிப்பெண் வந்தாலும் வராவிட்டாலும், இந்தப் பழக்கம் வீண் அல்ல. நாளை அந்தப் பெண் லண்டனிலோ சிட்னியிலோ வேலை பார்ப்பாள். "உன் ஊர் எப்படி இருக்கும்?" என்று யாராவது கேட்பார்கள். அங்கே அவள் தாஜ்மகாலைச் சொல்லிப் பயன் இல்லை. தன் ஊரைத்தான் சொல்ல வேண்டும்.

தலை நிமிர்ந்து சொல்லட்டும்!