பின் ஆக்சிலின் முனகல்

பழைய கார்களின் பின்புறத்திலிருந்து எழும் முனகலுக்குப் பட்டறைகளில் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: ‘பேரிங் போயிடுச்சு.’ இந்தத் தீர்ப்பு எப்போதும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்க்கும் முன்பே அது சொல்லப்படும்போது வண்டிக்காரர் வீண்செலவில் மாட்டிக்கொள்கிறார். ஒருபக்கமாகத் தேய்ந்த டயர், டிஃபரன்ஷியல், உரசும் பிரேக் ஷூ ஆகிய மூன்றுமே காதுக்கு ஏறத்தாழ அதே ஓசையைத் தரக்கூடியவை. 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் ஆம்னி ஆகி, 2019 வரை உற்பத்தியில் இருந்து, இன்றும் பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்து ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் எஞ்சின் முன்னிருக்கைகளுக்கு அடியில் இருந்தாலும், விசை ஒரு நீண்ட தண்டின் வழியே பின்சக்கரங்களுக்குத்தான் செல்கிறது.

அந்தத் தண்டு சென்று சேரும் பின் ஆக்சில் என்பது குழாய் வடிவிலான ஓர் எஃகுக் கூடு. அதன் நடுவில் டிஃபரன்ஷியல் அமைந்திருக்கும். எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பிவிடுவதோடு, வளைவுகளில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் இடம்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி அது. அங்கிருந்து இருபுறமும் ஆக்சில் ஷாஃப்டுகள் வெளியே வருகின்றன. ஒவ்வொன்றின் வெளிமுனையிலும் உள்ள வட்டத் தட்டில் பிரேக் டிரம்மும் சக்கரமும் பொருத்தப்படுகின்றன. தட்டுக்குச் சற்று உள்ளே, கூட்டின் வாய்ப்பகுதியில், ஒற்றை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் ஒன்று அமர்ந்திருக்கிறது. ஷாஃப்ட் சக்கரத்தைச் சுழற்றுவதோடு வண்டியின் எடையையும் தாங்குவதால் இவ்வமைப்பு அரை மிதவை ஆக்சில் எனப்படுகிறது. லாரிகளில் உள்ள முழு மிதவை ஆக்சிலில் எடையைக் கூட்டின் மேல் அமைந்த இரண்டு பேரிங்குகள் ஏற்றுக்கொள்கின்றன. ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே உண்டு என்பதால், சக்கரம் தரையில் நிற்கும்போதே அதை உருவி எடுத்துவிடலாம். ஆம்னியில் அந்த வசதி இல்லை. எடை, வளைவில் எழும் பக்கவிசை, ஷாஃப்டை வளைக்க முயலும் விசை ஆகிய எல்லாம் அந்த ஒரே பேரிங்கின் தலையில்தான் விழுகின்றன. பேரிங்கை ஒட்டி உட்புறத்தில் ஓர் எஃகு வளையம் பிரஸ் மூலம் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். அதற்கு மரையும் கிடையாது, நட்டும் கிடையாது. ஷாஃப்டும் சக்கரமும் வண்டியை விட்டுக் கழன்று போகாமல் இருப்பது அந்த வளையத்தின் பிடிமானத்தால் மட்டுமே.

நோயறிதலுக்கு முதலில் தேவைப்படுவது கருவியன்று, ஆளரவமற்ற சாலை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகும், ஊருக்கு வெளியே ஓடும் மாவு மில்லைப் போன்ற அந்த ஓசை குறையாமல் தொடருமானால், எஞ்சினையும் கிளட்சையும் ஐயப்பட வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு குரலும், காலை எடுக்கும்போது வேறொரு குரலும் கேட்டால் குற்றம் டிஃபரன்ஷியலில் இருக்க வாய்ப்பு அதிகம். பல்சக்கரங்களின் மீது விழும் சுமை மாறும்போதே அவற்றின் ஓசையும் மாறிவிடும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 12 அங்குலச் சக்கரம் அந்த வேகத்தில் நொடிக்குச் சுமார் 10 முறை சுழல்கிறது. டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் பினியன் அதைப்போல நான்கைந்து மடங்கு வேகத்தில் சுழல்கிறது. ஆகவே சக்கரப் பேரிங்கின் ஓசை கனத்த முனகலாகவும், பினியன் பேரிங்கின் ஓசை மெல்லிய ஊளையாகவும் இருப்பதே இயல்பு. பழகிய மெக்கானிக்குகள் இந்த வேறுபாட்டைக் காதாலேயே பிரித்தறிகிறார்கள்.

சாலையின் தளம் மாறும்போது, அதாவது சிமென்ட் சாலையிலிருந்து தார்ச் சாலைக்கு வரும்போது, ஓசையும் மாறினால் டயரைப் பார்க்க வேண்டும். டயரின் பரப்பை உள்ளங்கையால் தடவும்போது மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் பேரிங்கைத் தொடவே தேவையில்லை. வண்டியை இலேசாக வலப்புறம் வளைத்தால் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது ஓசை ஓங்கினால் இடப்பக்கப் பேரிங்கையும், இடப்புறம் வளைக்கும்போது ஓங்கினால் வலப்பக்கப் பேரிங்கையும் ஐயப்படலாம். இது வழிகாட்டும் குறிப்பே ஒழிய முடிந்த முடிவு அன்று. வண்டிக்குள் கேட்கும் ஓசை தகரத்தின் வழியே பரவி வருவதால், இடப்பக்கக் குற்றம் வலப்பக்கத்தில் ஒலிப்பதும் உண்டு.

அடுத்த கட்டச் சோதனையை வண்டியைத் தூக்கித்தான் செய்ய வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலை ஸ்டாண்டின் மேல் அமர்த்திய பிறகே கையை உள்ளே விட வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போவதற்கு எந்த அனுபவமும் உரிமை தந்துவிடாது. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு மறுகையைப் பட்டை ஸ்பிரிங்கின் மேல் வைத்தால், நல்ல பேரிங்கில் எதுவும் தட்டுப்படாது; கெட்ட பேரிங்கில் நறநறப்பு விரல்களுக்கு எட்டும். சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டும்போது ‘டொக்’ என்ற சத்தத்துடன் ஆட்டம் தெரிந்தால் தேய்மானம் மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, எஞ்சினை ஓட்டிச் சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அப்போது தரையில் நிற்கும் சக்கரத்தின் பங்கையும் சேர்த்துத் தூக்கிய சக்கரமே சுழல்வதால், அது ஸ்பீடாமீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். தரையில் நிற்கும் சக்கரம் சற்றே பிடித்தாலும் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். தவிர்க்க வேண்டிய சோதனை அது.

பேரிங் கெட்டது உறுதியான பிறகும், அது ஏன் கெட்டது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பெரும்பாலான பட்டறைகள் அதைக் கேட்பதே இல்லை. டிரம்மைக் கழற்றியதும் கந்தக நெடியடிக்கும் பிசுபிசுப்பான எண்ணெய் பிரேக் ஷூவில் படிந்திருந்தால், ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில் ஆயில் சீலைத் தாண்டி, பேரிங்கின் கிரீஸையும் கழுவிக்கொண்டு வெளியேறியிருக்கிறது என்று பொருள். சீல் வயதாகி இறுகியிருக்கலாம். ஆனால் ஆக்சில் கூட்டின் மேலே பிரீதர் எனப்படும் சிறு மூச்சுத்துளை ஒன்று உண்டு. அது சேற்றால் அடைபட்டால், ஓட்டத்தில் சூடேறி விரியும் உட்காற்று வேறு வழியின்றி எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். துளையைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போடுவது சில மாதத்துக்குத்தான் தாங்கும். சுமையின் கணக்கு இதைவிடக் கடுமையானது. லுண்ட்பெரி, பாம்கிரென் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் இருவர் 1947-இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, குண்டுப் பேரிங்கின் ஆயுள் அதன்மேல் விழும் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது; சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆம்னியில் பின்கதவு மூடாத அளவுக்கு மூட்டை ஏற்றுபவர்கள் பேரிங்கின் தரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. உடற்பகுதியில் வெல்டிங் வைக்கும்போது எர்த் கவ்வியைக் கண்ட இடத்தில் மாட்டினால், மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து குண்டுகளில் நுண்குழிகளை உண்டாக்குவதும் உண்டு.

பழுதுபார்ப்பதில் டிரம்மையும் பிரேக் குழாயையும் கழற்றுவது, பிரேக் ஷூக்கள் அமர்ந்திருக்கும் பேக்பிளேட்டின் நான்கு நட்டுகளை அவிழ்ப்பது, சறுக்குச் சுத்தியலால் ஷாஃப்டை வெளியே இழுப்பது எல்லாம் வழக்கமான வேலைகள். கைத்திறன் தேவைப்படுவது பேரிங்கைப் பிடித்திருக்கும் அந்த எஃகு வளையத்தை எடுப்பதில்தான். கிரைண்டரால் வளையத்தின் இரு பக்கங்களையும் மெலிதாகும்வரை மட்டும் அரைத்து, மெலிந்த இடத்தில் உளியை வைத்து ஓர் அடி அடித்தால் அது விண்டுவிடும். கிரைண்டர் வளையத்தைத் தாண்டி ஷாஃப்டைத் தொட்டுவிட்டால், ஷாஃப்ட் மிக அதிகமாக வளையும் அந்த இடத்தில் விழுந்த கீறலே பின்னாளில் விரிசலாகி ஷாஃப்டை முறிக்கக்கூடும். கேஸ் வெட்டியால் அறுப்பது அதைவிடக் கேடு; அந்தச் சூடு ஷாஃப்டின் கடினத்தன்மையையே குலைத்துவிடும்.

புதிய பேரிங்கை ஏற்றும் முன் பேக்பிளேட்டை ஷாஃப்டில் மாட்டியாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மறந்துவிட்டால், அப்போதுதான் ஏற்றிய பேரிங்கையும் வளையத்தையும் மீண்டும் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தொழிலில் ஊறியவர்களுக்கும் இது நேர்வதுண்டு. பேரிங்கின் ஒருபக்கத்தில் மட்டும் மூடி இருக்குமானால், பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அந்தப் பக்கமே புதியதும் இருக்க வேண்டும். பிரஸ்ஸின் அழுத்தம் உள்வளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தைத் தள்ளினாலோ சுத்தியலால் அடித்தாலோ, விசை குண்டுகள் வழியே பாய்ந்து ஓடுபாதையில் பள்ளங்களைப் பதித்துவிடும், புதுப் பேரிங் முதல் நாளிலிருந்தே முனகத் தொடங்கும். பேரிங்கையும் வளையத்தையும் சேர்த்து ஒரே தள்ளில் ஏற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஏற்ற வேண்டும்.

கடையில் வாங்கும்போது வண்டியின் பெயரைச் சொல்வதைவிடப் பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைக் காட்டுவது மேல். வழக்கமான வரிசைகளில் கடைசி இரு இலக்கங்கள் 04-க்குக் குறையாமல் இருந்தால், அவற்றை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6206 என்றால் 30 மில்லிமீட்டர். இந்த அளவுகள் உலகப் பொது அளவுகளாக இருப்பதால், கார் கம்பெனி உற்பத்தியை நிறுத்திய பின்னும் பேரிங் கிடைக்கிறது. சில ஆக்சில்களுக்குத் தனி அளவு உண்டு என்பதால் அளந்தும் பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபக்கப் பேரிங் சோதனையில் தேறியிருந்தால் அதைத் தொட வேண்டாம்.

முனகல் மட்டும் கேட்கும் வண்டியை மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம்; சக்கரத்தில் ஆட்டம் தெரிந்துவிட்டால் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். புதிய வளையத்தின் விலை மொத்தக் கூலியில் ஒரு சிறு பகுதிதான். பழைய வளையத்தையே தட்டிக்கொட்டி மறுபடி ஏற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறையில் வண்டியை விடவே கூடாது.