ஸ்கிராம்பிள் என்னும் கூட்டுப் பொய்

அமெரிக்க அலுவலகங்களும் அறக்கட்டளைகளும் கோடைதோறும் நடத்துகிற 'கோல்ஃப் அவுட்டிங்' என்னும் சடங்கைக் குழு விளையாட்டு என்று அழைப்பதை நாம் மறுக்கிறோம். அது குழுவும் அன்று, விளையாட்டும் அன்று. ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக வெயிலில் நின்று, பிறர் அடித்த பந்துக்குக் கைதட்டி, ஒருவரும் நம்பாத ஓர் எண்ணை அட்டையில் எழுதிக் கொடுத்து, விருந்து முடிந்ததும் கலைந்துபோகும் கூட்டத்திற்கு வேறு பெயர்தான் தேட வேண்டும்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் கோல்ஃபுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம் வகுப்பறைகளிலிருந்து எழுந்துபோன பிள்ளைகள் பலர் இன்று டெக்ஸாஸிலும் நியூ ஜெர்சியிலும் கணினிப் பணியில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று கேட்டு எழுதியவர்கள் இப்போது வேறொன்று கேட்கிறார்கள்: "ஐயா, வெள்ளிக்கிழமை மேலாளரோடு கோல்ஃப். மட்டையைத் தொட்டதுகூட இல்லை. போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ?" விளையாட்டுக்கு அழைக்கப்பட்டவர் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர் போல நடுங்குவாரானால், அவ்விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு அந்த நடுக்கமே போதிய காரணம். ஒரு கோடையில் அங்கே தங்கியிருந்தபோது, ஆள் குறைகிறது என்பதற்காக நாமும் ஒரு நிறுவனத்தின் அவுட்டிங்கில் நான்காமவராகச் சேர்க்கப்பட்டோம். ஆகவே கேள்வியறிவோடு கண்டறிவும் உண்டு.

முறை அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கோல்ஃபில் ஒருவர் தம் பந்தைத் தாமே அடிப்பார். அது விழுந்த இடம் மணலோ புதரோ, அங்கிருந்தே மீண்டும் அடித்துக் குழியில் சேர்க்க வேண்டும். இப்படி 18 குழிகள். தேர்ந்தவர்க்கு இத்தனை அடி போதும் என்று ஒவ்வொரு குழிக்கும் ஒரு கணக்கு உண்டு, அதற்குப் 'பார்' என்று பெயர். முழுநீளத் திடல்களில் அதன் கூட்டுத்தொகை பெரும்பாலும் 70 முதல் 72. அவுட்டிங்குகளில் வழங்குவது 'ஸ்கிராம்பிள்' முறை. இதில் நால்வர் ஓரணி. நால்வரும் அடிப்பர். நான்கில் நன்றாக விழுந்த பந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஏனைய மூவரும் தத்தம் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு அவ்விடத்திற்கு வந்துசேர்வர். அங்கிருந்து மறுபடியும் நால்வரும் அடிப்பர். மறுபடியும் ஒன்று பிழைக்கும், மூன்று மடியும். பறந்தவை நான்கு பந்துகள், அட்டையில் ஏறுவது ஓரடி.

இதில் என்ன குற்றம் என்பீர்கள். குழுவாக ஆடுவதென்றால் கூட்டாளியின் தவறு நம் தலையிலும் விழ வேண்டும். அவர் பந்தைப் புதரில் தள்ளினால் நாம் புதருக்குள் நுழைந்தாக வேண்டும். கோல்ஃபிலேயே இதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது, 'ஃபோர்சம்ஸ்' என்பார்கள். பெயர் நால்வரைச் சுட்டினாலும் அணிக்கு இருவர்தாம். இருவருக்கும் ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். 1927இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் முதல் ரைடர் கோப்பை நடந்தபோது இணையாட்டங்கள் இம்முறையில்தான் ஆடப்பட்டன. அக்கோப்பையில் இன்றும் அது தொடர்கிறது.

நமக்கு இதைப் பார்க்கையில் இரட்டைப் புலவர் நினைவுக்கு வருகின்றனர். ஒருவர்க்குக் கண் இல்லை, ஒருவர்க்குக் கால் இல்லை. கண்ணற்றவர் தோளில் காலற்றவர் ஏறிக்கொள்ள, அவர் வழிகாட்ட இவர் நடப்பார். வெண்பாவின் முற்பாதியை ஒருவர் பாட, பிற்பாதியை மற்றவர் பாடி முடிப்பார் என்பது மரபு. முதலாமவர் எந்தச் சொல்லில் நிறுத்தினாரோ அந்தச் சொல்லிலிருந்தே தொடரும் பொறுப்பு இரண்டாமவரை வந்துசேரும். "இந்தச் சொல் எனக்கு வசதிப்படவில்லை, வேறொன்று எடுத்துக்கொள்வோம்" என்று அவர் சொல்ல முடியாது. அடி என்ற சொல் யாப்புக்கும் கோல்ஃபுக்கும் பொதுவாக வாய்த்திருப்பது தற்செயல்தான் என்றாலும், இவ்விடத்தில் பொருந்தித்தான் போகிறது. ஸ்கிராம்பிளோ நான்கு புலவர்களை உட்காரவைத்து, நால்வரிடமும் முதலடி வாங்கி, மூன்றைக் கிழித்தெறிந்துவிட்டு, மிஞ்சியதற்கு மறுபடியும் நால்வரிடமும் இரண்டாமடி வாங்குவதற்கு ஒப்பானது. வந்த பாட்டு நன்றாகவே இருக்கலாம். அது யாருடைய பாட்டு?

நேரக் கொலையைப் பற்றிப் புலம்பாத ஆட்டக்காரரை நாம் கண்டதில்லை. அதன் காரணம் எளிய பெருக்கல் கணக்கில் இருக்கிறது. வழக்கமான நாளில் அணிகள் முதல் குழியிலிருந்து இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் புறப்படும். அவுட்டிங்கில் அனைவரும் ஒன்றாக விருந்துக்கு வர வேண்டும் என்பதற்காக எல்லாக் குழிகளிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும். இதற்குப் பெயர் 'ஷாட்கன் ஸ்டார்ட்'. குழிக்கு இரண்டு அணி வீதம் நிறுத்தினால் 36 அணிகள், 144 பேர். நீளம் குறைந்த குழியில் முன்னவர் புல்தரையை விட்டு அகலும் வரை பின்னவர் அடிக்க இயலாது. ஆகவே அங்கே முட்டிக்கொள்ளும் கூட்டம் திடல் முழுதும் தேர்த்திருவிழா நெரிசலைப் போலப் பின்னோக்கிப் பரவும். முந்திச் செல்லவும் வழியில்லை, ஏனெனில் முன்னேயும் ஆள், அதற்கு முன்னேயும் ஆள். இந்த நெரிசலில்தான் ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் நான்கு நான்கு முறை அடிக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட கோல்ஃப் விதிகள், ஓர் அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாதிருக்குமாறு பரிந்துரைக்கின்றன. காணாமற்போன பந்தைத் தேடும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்தன. அதே விதிகளில் ஸ்கிராம்பிளுக்கென்று ஒரு விதியும் கிடையாது. அவுட்டிங் ஏற்பாட்டாளர்களோ போதாக்குறைக்கு வழியில் குளிர்பான வண்டி, ஒரு குழியில் நெடுந்தூரப் போட்டி, இன்னொரு குழியில் ஒரே அடியில் பந்து விழுந்தால் கார் என்று ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தம் வைக்கிறார்கள். அந்தக் காருக்கு முன்கூட்டியே காப்பீடு எடுத்திருப்பார்கள் என்பது வேறு செய்தி. நம்பிக்கையைக்கூடக் காப்பீடு செய்துவிட்டுத்தான் விற்கிறார்கள்.

அட்டையில் எழுதப்படும் எண்ணுக்கு வருவோம். 72 பார் உள்ள திடலில் ஒரு குழியும் விடாமல் எல்லாவற்றிலும் ஓரடி குறைத்தால் 54 வரும். பரிசு பெறும் அவுட்டிங் அணிகள் பல இதற்கு ஒட்டிய எண்ணைத்தான் தருகின்றன. 2016இல் ஜிம் ஃப்யூரிக் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். அதற்கு முன் பி.ஜி.ஏ. டூர் போட்டிகளில் எவரும் எட்டாத எண் அது. நால்வரின் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்தால் ஃப்யூரிக்கை வெல்ல முடியாதா என்பீர்கள். தேர்ந்த நால்வரானால் முடியும். மாதம் ஒரு முறை மட்டையைத் தொடும் கணக்காளர்களும் விற்பனையாளர்களும் அவ்வாறு வென்றுவிட்டு வரும்போதுதான் நாம் இருமுகிறோம். முறையான போட்டியில் ஒருவருடைய கணக்கை இன்னொருவர் குறித்துக்கொண்டு இறுதியில் சான்றொப்பமிடுவார். இங்கே பெரும்பாலும் அணியே தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்கிறது. கூடவே, வலுவற்றவருக்கு ஆட்டத்தில் தரப்படும் சலுகையான 'ஹேண்டிகேப்' எண்ணையும் பல அவுட்டிங்குகளில் வாய்ச்சொல்லாகக் கேட்டே ஏற்றுக்கொள்கிறார்கள். பொய் சொல்பவனுக்குக் கோப்பை, மெய் சொல்பவனுக்குக் கேலி. இரண்டாம் மூன்றாம் முறை வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தாமும் குறைத்து எழுதப் பழகுகிறார்கள்.

இதை ஒரு சிறு குறும்பு என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. கோல்ஃபில் ஆட்டக்காரரே தமக்கு நடுவர், அந்த விளையாட்டின் பெருமையே அதில்தான் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு யு.எஸ். ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்தது. வேறெவரும் பார்க்கவில்லை. அவரே அறிவித்துத் தம் கணக்கில் ஓரடியை ஏற்றிக்கொண்டார். அந்த ஓரடி இல்லாதிருந்தால் நேராக வென்றிருப்பார். சமநிலையாகி, முடிவாட்டத்தில் வில்லி மக்ஃபர்லேனிடம் தோற்றார். அது நடந்த இடமும் அதே வூஸ்டர் திடல்தான். இன்றைய அவுட்டிங்கில் வரவேற்பு மேசையிலேயே 'முல்லிகன்' விற்கிறார்கள். பணம் கொடுத்தால் கெட்ட அடி கணக்கில் சேராது, மறுபடி அடித்துக்கொள்ளலாம். பிராயச்சித்தத்தை முன்பதிவு செய்துவிட்டுப் பாவம் செய்யக் கிளம்பும் ஏற்பாடு! அறப்பணிக்குத்தானே அந்தப் பணம் என்பார்கள். அறப்பணிக்கு நாம் எதிரிகள் அல்லர். உண்டியலைத் திறந்து வையுங்கள், கொடுப்பவர் கொடுக்கட்டும். விதியைத் துண்டு போட்டு விற்றுத்தான் அறம் வளர வேண்டும் என்றால், அந்த அறத்தைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்கிராம்பிளை ஆதரிப்போர் கடைசியாகக் கையிலெடுப்பது தொடக்கநிலையாளரை. "புதியவர் கூச்சமின்றி ஆடலாம், அவர் தவறு யாரையும் பாதிக்காது" என்கிறார்கள். உண்மையில் இதுவே எல்லாவற்றிலும் கொடிய வாதம். தவறு யாரையும் பாதிக்காது என்றால் இருப்பும் யாரையும் பாதிக்காது என்றே பொருள். நாம் சேர்ந்த அணியில் சென்னையிலிருந்து போன இளம்பெண் ஒருத்தி இருந்தாள். நாள் முழுதும் அடித்தாள். ஒரு முறைகூட அவள் பந்து தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்ற ஆறுதலைப் பெற்றுக்கொண்டு பந்தைப் பொறுக்கினாள். பத்தாவது குழிக்குப் பிறகு மட்டையை எடுக்காமலே வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். அதை அணியில் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை, நான்காவது பந்து இல்லாததால் ஆட்டம் சற்று விரைந்ததுதான் மிச்சம். அதே அணியில் துறைத்தலைவரும் இருந்தார். அவர் பந்தும் சுமாராகத்தான் விழுந்தது. ஆனால் இரண்டு பந்துகள் அருகருகே கிடந்தபோதெல்லாம் "உங்களுடையதையே எடுத்துக்கொள்வோம் சார்" என்ற குரல் எழுந்தது. நான்கில் சிறந்ததைத் தேர்வது என்ற விதி, யார் தேர்வது என்ற கேள்விக்கு விடை சொல்வதில்லை. அந்த இடைவெளியில் அலுவலகம் முழுவதும் நுழைந்து நாற்காலி போட்டு அமர்ந்துகொள்கிறது.

புல்வெளியில்தான் வணிகம் முடிவாகும், உறவு வளரும் என்ற நம்பிக்கைதான் இவற்றுக்கெல்லாம் வேர். அமெரிக்க வரிச்சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது இத்தகைய கேளிக்கைச் செலவுகளுக்கு அதுவரை இருந்த பாதி வரிவிலக்கும் 2018 முதல் நீங்கியது. வழக்கம் ஒழியவில்லை. அந்தப் புல்வெளி எவர்க்கெல்லாம் திறந்திருந்தது என்பதையும் மறக்கலாகாது. அந்நாட்டுத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தின் உறுப்பினர் விதியில் வெள்ளையர் மட்டும் என்ற வாசகம் 1961 வரை இருந்தது. புகழ்பெற்ற அகஸ்டா சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 2012இல்தான். உறவு வளர்க்க இவ்வளவு நெடுங்காலம் பலரை வெளியே நிறுத்திய களத்தில் இன்று உள்ளே வந்தவர்களை வண்டியில் உட்காரவைப்பது என்ன வகை உபசாரம்?

நடத்தியே தீர வேண்டுமென்றால் வழி இல்லாமலில்லை. 9 குழி போதும். இருவர் இருவராக, ஒரு பந்தோடு, மாறி மாறி. தேர்ந்தவரோடு புதியவரை இணையுங்கள். புதியவர் புதரில் தள்ளினால் தேர்ந்தவர் அங்கிருந்து மீட்கட்டும், அவர் கற்ற வித்தைக்கு அப்போதுதான் வேலை. புதியவர் ஒரு முறை நேராக அடித்துவிட்டால் அந்த அடியின்றி அணி நகர்ந்திருக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கும். தத்தம் பந்தையே ஆட விரும்புவோர்க்கு, 1932இல் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு வாலசியில் அறிமுகப்படுத்திய புள்ளிமுறை இருக்கிறது. ஒரு குழியில் நிலைமை கைமீறினால் சுழியம் என்று எழுதிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். பின்னால் நிற்பவரும் வாழ்த்துவார். அணிக்கு அணி அட்டையை மாற்றிக்கொடுத்து, ஒருவர் கணக்கை இன்னொருவர் எழுதட்டும். முல்லிகன் மேசையை மூடிவிடுங்கள். மட்டையே பிடிக்க விரும்பாதவரை விருந்துக்கு மட்டும் அழையுங்கள், அவர் வராத நாளையும் குறித்து வைக்காதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், வெள்ளிக்கிழமை மாலை வீட்டாருக்கு மிஞ்சும்.