மிச்சம் மீதி எல்லாம்

போன இதழில் மோர்மிளகாய் போட்டவள் இந்த இதழில் உயில் பேச வந்துவிட்டாளே என்று பார்க்கிறீர்களா, சகோதரிகளே? எங்கள் வீட்டில் மூன்று மாதம் யாருக்கும் சோறு இறங்காமல் செய்த சமாசாரம் இது. மிளகாயை விடக் காரம்.

என் மாமியார் 2022-இல் கும்பகோணத்தில் காலமானார். மாமனார் வெகு நாள் முன்பே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால், புடவைகளுக்கு அடியில் நோட்டுத் தாளில் அத்தை கைப்பட எழுதிய உயில். தேதி 2014. முத்திரைத்தாள் இல்லை, ரிஜிஸ்டரும் ஆகவில்லை. "இது செல்லாது" என்று கொழுந்தனார் ஒரே போடாகப் போட்டார். விசாரித்தால், வெள்ளைத்தாளே போதுமாம். எழுதியவர் கையெழுத்தும், அதைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் இருந்தால் சரி. ரிஜிஸ்டர் கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரும் அவர் கணவரும் சாட்சி போட்டிருந்தார்கள்.

வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி. நகைகள் இன்னது இன்னாருக்கு. அதில் சண்டை இல்லை. கடைசி வரிதான் எங்களைக் குடைந்தது: "வெண்கலப் பானை பித்தளை அண்டா மர பீரோ தையல் மிஷின் என் காரியச் செலவு போக மிச்சம் மீதி எல்லாம் என் மகளுக்கு."

அத்தை கமா, புள்ளி வைக்கிற வழக்கமே இல்லை. பாங்கிலோ 2019-இல் போட்ட டெபாசிட் 2,40,000 ரூபாய் இருந்தது. உயிலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நாமினி என் வீட்டுக்காரர். நாமினி என்றால் பணத்தை வாங்குகிற கைதான். அதனாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. அப்படியானால் யாருக்கு?

"மிச்சம் மீதின்னா பாத்திரம் பண்டத்துல மீதி" என்றார் கொழுந்தனார். அப்படிப் படித்தால், டெபாசிட்டுக்கு உயிலே எழுதவில்லை என்றாகும். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சமம், ஆளுக்கு 80,000. எல்லா மீதியும் என்று படித்தால் முழுசும் நாத்தனாருக்கு. கல்யாணம் ஆகாமல், ரவிக்கை தைத்துச் சம்பாதித்து, கடைசி எட்டு வருஷம் அத்தையைப் பார்த்துக்கொண்டவள் அவள். "நீங்க எல்லாரும் சேர்ந்து சொல்றதைக் கேட்டுக்கிறேன் அண்ணி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே. 80,000 என்று காதில் விழுந்ததுமே பையனின் ஹாஸ்டல் ஃபீஸை என் மனசு கட்டிவிட்டது.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அத்தையின் வரவு செலவு நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாசக் கடைசியிலும் ஒரே வரி: "பால், பலசரக்கு, மருந்து போக மிச்சம் மீதி", எதிரே ரூபாய். பாத்திரக் கணக்குக்கு அந்த வார்த்தையை அவர் எழுதியதே இல்லை. உயிலிலும் "காரியச் செலவு போக" என்றுதானே இருக்கிறது? அண்டாவை விற்றா காரியம் செய்யச் சொல்லியிருப்பார்? பணத்தை மனசில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை நான். மூன்றாம் நாள் நோட்டை இவரிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்துவிட்டு, "அம்மா கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வக்கீலும் அதையேதான் சொன்னார். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்குச் சட்ட வார்த்தைகள் வேண்டாம், எழுதியவர் எண்ணம் தெரிந்தால் போதும். ஒரு வரியைப் பிய்த்துப் படிக்காமல் உயில் முழுவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மீதியைப் பெறுகிறவருக்கு, உயில் எழுதிய பிறகு சேர்ந்த சொத்தும் வந்து சேரும் என்றார். ஆகவே 2019 டெபாசிட்டும் அடக்கம். கொழுந்தனார் முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். போட்டாரே, அது போதும்.

இன்னொரு முடிச்சும் இருந்தது. இரட்டை வடச் சங்கிலியை அத்தை தன் தங்கைக்கு எழுதியிருந்தார். அந்தச் சித்தியோ 2017-லேயே போய்விட்டார். பெற வேண்டியவர் முந்திக்கொண்டால் அந்தப் பொருளும் மீதியோடு சேருமாம். (தன் பிள்ளைக்கு எழுதி, அந்தப் பிள்ளை சந்ததியை விட்டுப் போயிருந்தால் விதி வேறு.) ஆக, சங்கிலியும் நாத்தனாருக்கே. அவள் அதை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு, மாயவரத்தில் இருக்கும் சித்தி மகளிடம் கொடுத்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிட்டாள்.

நீங்கள் எழுதும்போது மீதியைப் பானை அண்டாவோடு கோத்துவிடாதீர்கள். தனி வரியாக, "மேலே சொன்னவை போக, இன்று இருப்பதும் இனி வருவதும், பணமோ நகையோ நிலமோ, எல்லாம் இன்னாருக்கு" என்று எழுதுங்கள். அடித்துத் திருத்தினால் அந்த இடத்தில் நீங்களும் சாட்சிகள் இருவரும் மறுபடி கையெழுத்துப் போடவேண்டும். புதுத் தாளில் எழுதிவிடுவதே சுலபம்.

நாத்தனார் இப்போது இருப்பது ஒற்றை அறை வீடு. பீரோவும் மிஷினும் போய்ச் சேர்ந்துவிட்டன. வெண்கலப் பானை மட்டும் எங்கள் பரணில் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் இறக்கிப் புளி போட்டுத் தேய்ப்பது நான்தான். பொங்கல் வைக்க அவள் வருகிறாள்.