கிராபிக்ஸுக்காக இஎம்ஐயில் புது போனா? ‘ஸ்நேக்’ கேமை ஞாபகம் இருக்கா?

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது; 2014-ல் மூடப்பட்டது. நோக்கியா என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஸ்நேக் கேம்தான். 1997-ல் 6110 மாடலில் வந்தது. பாம்புன்னு பேர்தான், திரையில் ஊர்ந்தது ஒரு கறுப்புக் கோடு. ஆனாலும் கையை எடுக்க முடிந்ததா? இரை தின்னத் தின்ன வால் நீளும். நல்லா ஆட ஆட இடம் குறையும். கடைசியில் நம்ம வாலே நமக்கு எமன். மொத்த சுவாரஸ்யமும் இந்த ஒரு விதிக்குள்தான்.

இன்று அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கிறது. போனின் வேகம் எங்கோ போய்விட்டது. ஆனால் 2020 லாக்டவுனில் வீட்டுக்கு வீடு ஓடியது எது? லூடோ கிங்! நாலு கலர், ஒரு பகடை, மச்சான் காயை வெட்டும் குஷி.

நிஜம் போன்ற கிராபிக்ஸ் சீக்கிரம் பழசாகும். அடுத்த சிப் வந்ததும் நேற்றைய ‘நிஜ’ முகம் பொம்மையாகத் தெரியும். தனி ஸ்டைலுக்கு அந்தச் சிக்கல் குறைவு: கட்டம் கட்டமான மைன்கிராஃப்ட் 2023-க்குள் 30 கோடிக்கும் மேல் விற்றது.

கிராபிக்ஸே வேண்டாம்னு இல்லை. ரேஸிங் கேமில் மழையில் நனைந்த ரோடு அழகுதான். ஆனால் பிஜிஎம்ஐ சீரியஸா ஆடுறவங்க செட்டிங்ஸைப் பாருங்க. பலரும் கிராபிக்ஸை ‘ஸ்மூத்’துக்குக் குறைத்து, ஃப்ரேம் ரேட்டை ஏற்றியிருப்பாங்க. ஆட்டம் திக்காம ஓடணும், போன் சூடாகக் கூடாது. அவ்வளவுதான் அவங்க கணக்கு.