திருத்தக் கொடுக்கும் போனும் ஓர் அமானிதமே



வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கைத்தொலைபேசி கீழே விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டதாம். கணவர் அதை ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைப் பையன் கடவு எண்ணைக் கேட்டதும், ஒரு துண்டில் எழுதி போனின் முதுகிலேயே ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். இரண்டு நாள் போன் கடையில் கிடந்தது. தங்கையின் கலியாணத்தில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த இரண்டு இரவும் தூங்கவில்லை என்கிறார். "எண்ணைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒரு முஸ்லிமான கடைக்காரர் மீது கெட்ட எண்ணம் கொள்வது பாவமல்லவா என்று அடக்கிக்கொண்டேன். மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார்.

கணவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மனைவி கேட்டிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், யாராவது கேட்டார்களே.

சூஉழ் ழன் எனப்படும் கெட்ட எண்ணம் தடுக்கப்பட்டது என்பது உண்மை. சூரத்துல் ஹுஜுராத்தில் அதைத் தடுத்த அதே வசனத்தில்தான், பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதையும் அல்லாஹ் தடுத்திருக்கிறான். நம்மில் பலருக்கு முதல் பாதி மட்டுமே நினைவில் நிற்கிறது. கெட்ட எண்ணம் வேறு, முன்னெச்சரிக்கை வேறு. இரவில் கதவைத் தாழிடும்போது பக்கத்து வீட்டாரைத் திருடர் என்றா சொல்கிறோம்? குர்ஆனில் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று பாருங்கள். கடனைப் பற்றியது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வையுங்கள் என்று ஈமான் கொண்டவர்களை நோக்கியே அது சொல்கிறது. எழுதச் சொன்னதால் அவர்களைச் சந்தேகித்ததாக ஆகுமா? ஆகவே, "எண்ணைக் கொடுக்க வேண்டாம், போனை மட்டும் கொடுங்கள்" என்று அந்தச் சகோதரி சொல்லியிருந்தால் அதில் எள்ளளவும் பாவமில்லை.

மார்க்கத்தின் பக்கம் இது. தொழிலின் பக்கம் எனக்குத் தெரியாது என்பதால், கொட்டாஞ்சேனையில் நீண்ட காலமாகக் கணினியும் போனும் திருத்தும் ஒரு தமிழ்ச் சகோதரரிடம் போய் விசாரித்தேன். கண்ணாடி மாற்றக் கடவு எண் வேண்டுமா என்றதும் சிரித்துவிட்டார். "மௌலவி, கண்ணாடி மாத்த, பெட்டரி மாத்த, சார்ஜ் ஏத்துற இடத்தைத் திருத்த, இதுக்கெல்லாம் அது என்னத்துக்கு? பூட்டின திரையிலயே விரல் வச்சு வேலை செய்யுதா எண்டு பார்க்கலாம். கெமராவும் பூட்டைத் திறக்காமலே வேலை செய்யும். மிச்சத்தை ஆள் வந்த பிறகு அவர் கையாலயே திறந்து பார்க்கச் சொல்லுவன். நம்பர் என்ட கையில இருந்தா, நாளைக்கு எங்க என்ன நடந்தாலும் பழி எனக்குத்தானே" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். எண்ணைக் கொடுக்காமல் விடுவது நம்மை மட்டுமல்ல, நேர்மையான கடைக்காரரையும் காப்பாற்றுகிறது.

எல்லாக் கடைகளும் அப்படியல்ல. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. வேண்டுமென்றே ஒலி வராமல் செய்த மடிக்கணினிகளை, உள்ளே நடப்பதெல்லாம் இரகசியமாகப் பதிவாகும்படி ஒழுங்குசெய்து, திருத்தக் கொடுத்தார்கள். ஆறு இடங்களில் திருத்துபவர்கள் சொந்தப் படங்களையும் கோப்புகளையும் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு இடங்களில் அவற்றைப் பிரதியெடுத்தும் இருந்தார்கள். வாடிக்கையாளர் பெண்ணாக இருந்தபோது இது கூடுதலாக நடந்தது. பெட்டரி மாற்றுவதற்குக்கூடப் பெரும்பாலான கடைகள் கடவுச்சொல்லைக் கேட்டன என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. தேவைக்காக அல்ல, பழக்கத்தால் கேட்கிறார்கள். கேட்டதும் நாமும் பழக்கத்தால் கொடுக்கிறோம்.

ஹொங்கொங்கில் எடிசன் சென் என்ற நடிகர் திருத்தக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்கள் 2008இல் உலகமெங்கும் பரவின. அந்தப் படங்கள் நம் மார்க்கம் ஏற்காதவை, அது தனி விடயம். படங்களை எடுத்த கணினித் திருத்துநருக்கு 2009இல் எட்டரை மாதச் சிறை கிடைத்தது. படங்களில் இருந்த பெண்களோ பல வருடங்கள் தலைகுனிந்து நின்றார்கள். திருடியவன் பெயரை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

சரி, போனைக் கொடுக்கும் முன் என்ன செய்யலாம்? சிம்மையும் மெமரி காட்டையும் கழற்றி வீட்டில் வையுங்கள். மென்பொருள் கோளாறாக இருந்து, திறந்தால்தான் திருத்த முடியும் என்றால், வீட்டார் ஒருவர் கடையிலேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டும். சாம்சங் நிறுவனம் 2022 முதல் தன் புதிய போன்கள் சிலவற்றில் 'பராமரிப்பு முறை' என்றொரு வசதியைத் தந்திருக்கிறது. அதை இயக்கினால் போன் வேலை செய்யும், ஆனால் உங்கள் படங்களும் செய்திகளும் கடைக்காரர் கண்ணுக்குத் தெரியாது. கூகிளின் பிக்சல் போன்களில் 2023 கடைசியில் இது வந்தது. அமைப்புகளுக்குள் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கேளுங்கள். படங்களை அழித்துவிட்டுக் கொடுத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். அழித்த படம் பெரும்பாலான போன்களில் ஒரு மாதம் வரை குப்பைக்கூடையில் கிடக்கும். அதையும் தேடிக் காலி செய்ய வேண்டும்.

ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். 2023இல் நம் நாட்டு அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை வைரஸ் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை. மென்பொருளும் பழையதாக இருந்ததாம். போன் "புதுப்பிக்கவா" என்று கேட்கும்போதெல்லாம் "பிறகு" என்று தள்ளிவிடும் நமக்கும் அரசாங்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலும்.

போன் வீட்டுக்கு வந்ததும் கடவு எண்ணை மாற்றுங்கள். வட்ஸ்அப்பைத் திறந்து 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைப் பாருங்கள். போன் திறந்த நிலையில் ஒருவர் கையில் சிறிது நேரம் இருந்தாலே போதும், தன் கணினியோடு அதை இணைத்துவிடலாம். பிறகு உங்கள் செய்திகள் எல்லாம் அங்கேயும் தெரியும். அறியாத சாதனம் இருந்தால் அதை அழுத்தி வெளியேற்றிவிடுங்கள். வெள்ளவத்தைச் சகோதரி இன்றிரவே இதைச் செய்யட்டும்.

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. இத்தனைக்குப் பிறகும் ஒரு படம் வெளியே போய், அதைக் காட்டி யாரோ பணம் கேட்டு மிரட்டினால்? பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம்தான் திரும்பவும் கேட்பார்கள். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். பெண்களுக்கான 1938 என்ற எண்ணிலோ, கணினி அவசர உதவிக் குழுவின் 101 என்ற எண்ணிலோ பேசலாம்.

வீட்டில் யாரிடம் சொல்வது என்பதுதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், போனைப் பறித்துவிடுவார்கள் என்று ஒளிக்கிறார்கள். அந்த ஒளிப்பில்தான் மிரட்டுகிறவன் பிழைக்கிறான். தாய்மாரே, மகள் வந்து சொன்னால் முதலில் அவளை அணைத்துக்கொள்ளுங்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் ஏறக்குறைய ஒரு மாதம் அவதூறு பேசப்பட்டது. வஹீ இறங்கியபோது அதைக் கட்டியவர்கள் மட்டுமல்ல, காதில் விழுந்ததை நாக்கால் கடத்தியவர்களும் கண்டிக்கப்பட்டார்கள். இன்று நாக்குக்குப் பதில் விரல். "பார்த்தீர்களா" என்று குடும்பக் குழுவில் ஒரு படத்தை அனுப்புகிறவர் அந்தச் சூரத்துன் நூரை ஒரு தடவை அர்த்தத்தோடு ஓதிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, மேசை லாச்சியில் கிடக்கும் பழைய போன்கள். விற்கவோ வேலைக்கார அம்மாவுக்குக் கொடுக்கவோ முன், உங்கள் கணக்குகளிலிருந்து வெளியேறி, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அதை முழுதாக மாற்றிவிடுங்கள். உயிர் வராத போனாக இருந்தால் விற்க வேண்டாம், இருநூறு முந்நூறு ரூபாய்க்காக. அது லாச்சியிலேயே கிடக்கட்டும்.