ஹக்கா என்பது யாருடைய பெயர்?

இந்தியப் பெருநகரங்களிலே இன்று 'பியூஷன்' உணவகங்கள் மலிந்துவிட்டன. மத்தியானத்தில் அங்கு நுழைவோர் முன் உறைப்பான ஹக்கா நூடில்ஸ் வந்து அமர்கிறது. மிளகாயும் இஞ்சியும் உள்ளியும் சோயா சோஸும் மணக்கும் அத்தட்டத்தை இரு நாகரிகங்களின் சங்கமம் என உணவுப்பட்டியல் வருணிக்கிறது. உண்போரும் நெற்றி வியர்வையைத் துடைத்தவாறே தலையசைக்கின்றனர். சுவையைப் பற்றி நமக்கு வழக்கில்லை, நல்ல உணவுதான். நாம் கேட்பது வேறு. ஹக்கா என்பது யாருடைய பெயர்?

அது ஒரு பாகமுறையின் பெயரன்று, ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர். தென்சீனத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்த ஹக்கா மக்கள், சாதி இந்துக்கள் தீட்டென்று ஒதுக்கிய தோல் வேலையை ஏற்றனர். நகரின் கிழக்கெல்லையிலே, சதுப்பாகக் கிடந்த டாங்ராவில் தோல் பதனிடும் சாலைகளை எழுப்பினர். பீகாரின் தாழ்த்தப்பட்ட தொழிலாளரும் அங்கே அவர்களோடு உழைத்தனர். சீனச் சட்டி இந்திய நாக்குக்கு இணங்கியது இத்தகைய இடங்களிலேதான். எந்தச் சமையற் கலைஞரின் கனவிலுமன்று.

1962 ஒக்டோபரில் எல்லையிலே போர் மூண்டது. ஒரு மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன, வேட்டையோ ஓயவில்லை. சீன வமிசத்தவர் சுமார் 3,000 பேர், முதியோரும் குழந்தைகளும் உட்பட, அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இரயிலேற்றப்பட்டு இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. 1940களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆட்சி டாங்கே முதலிய கம்யூனிஸ்டுகளைப் பூட்டிவைத்த அதே தேவ்லி! சிலர் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். பலர் தாம் கண்டிராத சீனாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். விடுதலையாகி ஊர் திரும்பியோரிற் பலருக்கு வீடுமில்லை, கடையுமில்லை. எல்லாம் ஏலம் போயிருந்தன. வெளியே எஞ்சியோரும் பொலிஸ் நிலையத்திலே பதியாமல் ஊர் தாண்ட முடியாதென்றாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் போயினர். தோற் சாலைகளை அகற்றும்படி உச்ச நீதிமன்றம் 1996இல் உத்தரவிட்டபின் டாங்ராவிலே எஞ்சியது பெரும்பாலும் உணவகங்களே.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அரசியலை ஏன் திணிக்கிறீர்கள் என்று சில நண்பர்கள் முகஞ்சுளிக்கலாம். திணித்தவர்கள் நாமல்லோம். 2020 ஜூனில் கல்வான் மோதலைத் தொடர்ந்து, சீன உணவு விற்கும் உணவகங்களைத் தடைசெய்ய வேண்டுமென்றார் ஒன்றிய இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே. கல்கத்தாவிலே பிறந்த உணவை விலக்கிப் பீக்கிங்கைத் தண்டிக்கும் வீரத்தை என்னென்பது! ஆனால் அந்த அமைச்சரைக் கண்டு நகைக்கும் நாகரிகச் சுவைஞரும் நமக்கு உவப்பானவரல்லர். அவர் உணவை வெறுத்தார். இவர்கள் உணவை வைத்துக்கொண்டு அதைச் சமைத்தவரை மறந்தனர். பட்டியலில் ஹக்கா என்ற சொல்லைத் தினமும் படிக்கும் கண்களுக்கு தேவ்லி என்ற சொல் அந்நியமாயிருப்பது தற்செயலா?

முகாமிலிருந்து மீண்டோர், இன்று முதுமையிலே, கனடாவிலிருந்து இந்திய அரசிடம் ஒரு மன்னிப்பைக் கேட்கின்றனர். அதற்கு அரசுதான் பதில்கூற வேண்டும். உணவகக்காரரிடம் நாம் கேட்பதோ அச்சுக்கூலி மட்டுமே ஆகும் காரியம்: அடுத்த முறை பட்டியலை அச்சிடும்போது, சங்கமம் என்றிருக்கும் இடத்தில் டாங்ரா என்று போடுங்கள்.